300 மீட்டரும் மூன்று பெஞ்சும்

அப்பா இப்போதெல்லாம் தூரத்தை பெஞ்ச் கணக்கில்தான் சொல்கிறார். "அது ரெண்டு பெஞ்ச் தூரம்தானே, போயிட்டு வந்துடலாம்" என்பார். இல்லையென்றால் "வழியில உட்கார ஒரு இடம்கூட இல்ல, நான் வரல" என்று போட்ட செருப்பைக் கழற்றிவிடுவார். வலது முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பிசியோதெரபிஸ்ட் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பூங்காதான் பக்கத்திலேயே இருக்கிறதே என்ற நினைப்பு.

பக்கம்தான். வாசலிலிருந்து பூங்கா கேட் வரை கைபேசியில் அளந்து பார்த்தேன், 310 மீட்டர் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017-இல் ஒரு பொதுக் கணக்கு சொல்லியிருக்கிறது: நகரத்தில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், ஏறக்குறைய ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேரிலிருந்து ஒரு ஹெக்டேராவது இருக்கும் பசுமையான பொது இடம் ஒன்று வேண்டும். அந்த 300 மீட்டர் நேர்கோட்டில் அளப்பது. அப்பாவுக்கு நேர்கோடெல்லாம் கிடையாது. நடைபாதை உடைந்த இடத்தில் சாலைக்கு இறங்கி, நிறுத்தியிருக்கும் வண்டிகளைச் சுற்றி, மறுபடி ஏறி, சிக்னலில் பாதி சாலை கடப்பதற்குள் விளக்கு மாறி, நடுவில் நின்று, அப்புறம் மிச்சத்தைக் கடந்து... முதல் நாள் போய்ச் சேர 22 நிமிடம் ஆனது. சேர்ந்ததும் அவர் கண் தேடியது மரத்தை இல்லை, உட்கார ஓர் இடத்தை.

அந்தப் பூங்காவை எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். சுற்றுச்சுவர் மாறவில்லை, பரப்பளவு மாறவில்லை. ஆனால் என் வயதுக்குத் தகுந்த மாதிரி அது பெரிதாகியிருக்கிறது, சுருங்கியிருக்கிறது, ஒரு தடவை முழுசாகக் காணாமலே போயிருக்கிறது. நகரப் பசுமையும் உடல்நலமும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நகரத்தில் தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். யாருடைய தலை, எத்தனை வயதுத் தலை என்பதுதான் எனக்கு இந்த எட்டு மாதமாகக் கேள்வி.

காணாமல் போனதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். அதுவரை அந்தப் பூங்காவில் எனக்குத் தெரியாத செடி கிடையாது. ஒரு கோடை விடுமுறைக்கு அப்புறம் போனால், நடுவில் இருந்த திறந்தவெளி முழுக்க எங்களைவிடப் பெரிய பையன்களின் பந்து. அவர்கள் யாரையும் விரட்டவில்லை, பந்து விரட்டியது. ஊஞ்சலில் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். சுற்றி நடக்கலாம், அது வயதானவர்களின் வேலை. நான் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானே கவனிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து என் மகளுக்கு அதே வயது வந்தபோது, "அங்க போய் என்னம்மா பண்றது?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு என் கோடை ஞாபகம் வந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1990-களின் நடுவில் வியன்னாவில் பூங்காக்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தபோது, ஒன்பது பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று விழுவதும், பையன்களின் எண்ணிக்கை அப்படி விழாததும் தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று அங்கே யாரும் கதையை முடித்துவிடவில்லை. 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள். ஒரே பெரிய வெளியாக இருந்ததைச் செடிகளாலும் மேடுகளாலும் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள், உள்ளே போகும் பாதைகளைச் சரிசெய்தார்கள், வாலிபாலும் இறகுப்பந்தும் ஆட இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு சதுர மீட்டர்கூடக் கூட்டாமல் அந்தப் பூங்கா பாதிப் பேருக்குப் பெரிதானது! இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, இவ்வளவு எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காகவா அத்தனை மாலைகளை வீட்டுக்குள் கழித்தோம் என்று.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கதை வேறு. அப்போது பூங்கா என்றால் எனக்கு ஒரு குழாயடி. தண்ணீர் சொட்டிச் சொட்டி அதன் கீழே எப்போதும் சேறாக இருக்கும், நடக்கத் தொடங்கிய பிள்ளை நேராக அங்கேதான் போகும். இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு எடுத்து, அதை என் தோளில் துடைத்து, இடையில் ஒரு விரலை வாயிலும் வைத்துவிடும். தினமும் குளிப்பாட்டினேன், தினமும் திட்டினேன்.

பின்லாந்தில் செய்த ஒரு சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. சரளைக்கல் கொட்டிய பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையைப் பாளம் பாளமாக வெட்டிக்கொண்டு வந்து பரப்பினார்கள். பாசி, குட்டைச் செடிகள், மண் எல்லாம் சேர்த்து அப்படியே. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். வெறும் 28 நாளில் அவர்கள் தோலில் இருந்த நுண்ணுயிரிகளின் வகைகள் கூடியிருந்தன, எதிர்ப்பாற்றல் எல்லை மீறாமல் நிதானப்படுத்துகிற அணுக்கள் தொடர்பான ரத்த அளவீடுகளும் நல்ல பக்கமாக நகர்ந்திருந்தன. மொத்தம் 75 பிள்ளைகள்தான், சின்னச் சோதனை. அதனால் அவர்களுக்கு அலர்ஜி வராது என்றெல்லாம் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் குழாயடிச் சேற்றின் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. (இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. எந்தக் குழந்தையும் அந்தப் பக்கம் போவதில்லை.)

பள்ளி வயதுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அனுப்பத்தான் முடிவதில்லை. ஒன்று மட்டும். சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கிற மாதிரி ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். இதில் மரத்தைவிட வெளிச்சத்துக்குத்தான் பங்கு அதிகம் என்கிறார்கள். பகல் வெளிச்சம் கண்ணுக்குள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது, அது கண்விழி நீளமாக வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது கருத்து. சரி, மரம் இல்லாத வெட்டவெளியில் எந்தப் பிள்ளை 40 நிமிடம் நிற்கும்?

இந்த மாதிரி ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் விடாமல் வரும். மரம் அடர்ந்த தெருவில் யார் குடியிருக்கிறார்கள்? பெரும்பாலும் வசதி உள்ளவர்கள். அவர்கள் ஆரோக்கியமாக இருந்தால் அது மரத்தாலா பணத்தாலா? டென்மார்க்கில் 1985-லிருந்து 2003 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்து, பத்து வயது வரை அவர்கள் வீட்டைச் சுற்றி எவ்வளவு பச்சை இருந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். மிகக் குறைந்த பச்சையில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநோய் வரும் அபாயம், நோயைப் பொறுத்து, 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. பெற்றோரின் வருமானம், படிப்பு, குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த மனநோய் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகு வந்த எண் இது. எத்தனை வருடம் பச்சைக்கு நடுவில் இருந்தார்களோ அதற்கேற்ப பலனும் கூடியது. இருந்தாலும் இது கூடவே நடந்தது என்றுதான் காட்டும், இதனால் நடந்தது என்று அடித்துச் சொல்லாது.

அதற்கு மரத்தை வெட்டிப் பார்க்க வேண்டும், அல்லது நட்டுப் பார்க்க வேண்டும். வெட்டும் வேலையை அமெரிக்காவில் ஒரு பூச்சி செய்தது. எமரால்ட் ஆஷ் போரர் என்று பெயர், பச்சை நிறத்தில் பளபளவென்று இருக்கும் சின்ன வண்டு, 2002-இல் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து குடைந்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. பூச்சி பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்று பார்த்துப் போகாது இல்லையா. அது பரவிய 15 மாநிலங்களின் இறப்புக் கணக்கை 2007 வரை பார்த்தபோது, இதயமும் ரத்தக் குழாயும் சம்பந்தப்பட்ட இறப்புகள் 15,000-க்கு மேலும், மூச்சுக்குழல் சம்பந்தப்பட்டவை 6,000-க்கு மேலும் கூடுதலாக நடந்திருப்பதாகக் கணக்கு வந்தது. ஒரு வண்டு!

நட்டுப் பார்த்தது பிலடெல்பியாவில். குப்பை மண்டிய காலி மனைகள் 541-ஐ எடுத்து, குலுக்கல் முறையில் மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் குப்பையை அள்ளி, புல் போட்டு, சில மரங்களை நட்டு, முழங்கால் உயரத்துக்கு மரவேலி அடித்தார்கள். ஒரு பங்கில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதைத் தொடவில்லை. பச்சையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களில், மனச்சோர்வாக இருக்கிறது என்று சொன்னவர்கள் தொடாத மனைகளோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடத்தில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. இது 2018-இல் வந்தது. எனக்கு இதில் பிடித்தது, அவை பூங்காகூட இல்லை என்பதுதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு மனை. யாரும் போக வேண்டிய அவசியம் இல்லை, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டால் போதும்.

நடு வயதில் எனக்கும் பூங்கா அப்படித்தான் இருந்தது, கடந்துபோகும் ஒன்றாக. பத்துப் பன்னிரண்டு வருடம் உள்ளே காலே வைக்கவில்லை. வேலையில் ஒரு மோசமான வருடம் வந்தது, நடந்து முடிந்த பேச்சுகளை ராத்திரி முழுக்க மனத்துக்குள் மறுபடி மறுபடி பேசிக்கொண்டிருப்பேன். அப்படிச் சுற்றிச் சுற்றி வரும் நினைப்பு, 90 நிமிடம் மரங்களுக்கு நடுவில் நடந்தவர்களுக்குக் குறைந்தது, நெரிசலான சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை என்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2015-இல் காட்டினார்கள், மூளையில் அதோடு தொடர்புடைய ஒரு பகுதியே அமைதியாகியிருந்தது. 90 நிமிடமா! அந்த வருடம் எனக்கு ஒன்பது நிமிடம் கிடைத்திருந்தால் தூங்கியிருப்பேன். அதனால்தான் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த கணக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது: வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடம், அதை ஒரே மூச்சில் கழித்தாலும் சரி, துண்டு துண்டாகக் கழித்தாலும் சரி, நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர்கள் கூடுகிறார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பூங்கா வழியாகச் சுற்றிப் போனால் ஒரு நடைக்கு ஆறு நிமிடம் கூடும். பத்து நடை, ஒரு மணி நேரம். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமையில் தேற்றிக்கொண்டேன். தூக்கம் அதனால்தான் வந்ததா, அந்த வேலையை விட்டதால் வந்ததா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

பச்சை என்றால் எல்லாப் பச்சையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் சிட்னியையும் அக்கம்பக்க நகரங்களையும் சேர்ந்த 46,000-க்கும் மேற்பட்டவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். சுற்றுப்புறத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மரக்கூரை, அதாவது மரக்கிளைகளும் இலைகளும் மேலே மூடியிருக்கும் பரப்பு, இருந்தவர்களுக்கு மன அழுத்தம் புதிதாக வரும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. வெறும் புல்வெளிக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எங்கள் பூங்காவில் நான்கு வருடம் முன்பு மேம்பாட்டு வேலை என்று சொல்லி ஓரத்து மரங்களை எடுத்துவிட்டுப் புல் போட்டார்கள், 'புல் மேல் நடக்காதீர்கள்' என்று பலகையும் வைத்தார்கள். பார்க்க அழகு. மத்தியானம் நிற்க முடியாது. வயதான உடம்புக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை: வயதாக ஆக வியர்ப்பது குறைகிறது, தாகம் தெரிவது குறைகிறது, உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் தடுமாறுகிறது. ஐரோப்பாவின் 93 நகரங்களில் 2015 கோடையை வைத்துப் போட்ட ஒரு கணக்கில், மரக்கூரை 30 சதவீதமாக இருந்திருந்தால் நகர வெப்பம் காரணமாக நடந்த அகால இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்று வந்தது.

மரம் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம். இலைகள் தூசியைப் பிடிக்கும், உண்மைதான், ஆனால் நகரம் கக்கும் புகைக்கு முன்னால் அது கொஞ்சம். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் நெருக்கும் குறுகிய தெருவில் அடர்ந்த மரக்கூரை இருந்தால் வண்டிப் புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்கிவிடவும் செய்யும். புகையைக் குறைக்க வண்டியைத்தான் குறைக்க வேண்டும். மரத்தின் தலையில் அந்த வேலையைக் கட்டக் கூடாது.

அப்பா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் வரிசையாக ஏசி பெட்டிகளும். மூன்றாவது நாள் அவர் அந்தப் பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டார், பதினான்கு. எனக்கு ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஞாபகத்துக்கு வந்தார். 1984-இல் சயின்ஸ் இதழில் அவர் எழுதியது இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் கட்டுரை. பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய கோப்புகளை எடுத்து, ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும், அவர்களோடு வயது முதலியவை ஒத்துப்போகிற, செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்து குறைவாகவே கேட்டார்கள், நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளில் அவர்களைப் பற்றிய புகார்களும் குறைவு. வெறும் 46 பேர். இருந்தாலும் ஏசி பெட்டியை எண்ணும் மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கூடுதல் ஆதாரம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று படித்தேன். ஸ்காட்லாந்தில் 1936-இல் பிறந்தவர்களுக்கு 11 வயதில் ஒரு அறிவுத்திறன் சோதனை நடந்தது. அதே ஆட்களைத் தேடிப் பிடித்து எழுபது வயதுக்கு மேல் மறுபடி சோதித்தார்கள். அதோடு, அவர்கள் எடின்பரோவில் எந்தெந்த வயதில் எங்கே குடியிருந்தார்கள், அப்போது பக்கத்தில் எவ்வளவு பூங்கா இருந்தது என்று பழைய வரைபடங்களை வைத்துத் தேடினார்கள். சின்ன வயதிலும் நடு வயதிலும் பூங்கா பக்கத்தில் இருந்தவர்களுக்கு 70-க்கும் 76-க்கும் இடையில் மூளைத்திறன் சரிவது மெதுவாக இருந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சின்ன வயதில் ஏறி விழுந்த மரங்களின் பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தார், அது முடிய ஒரு மணி நேரம் ஆனது, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கை எந்தக் கால் என்பது உட்பட.

சரி, பெஞ்ச் விஷயம். வீட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவில் மூன்று பெஞ்ச் வேண்டும் என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பூங்காவுக்குள்ளே பெஞ்ச் போடுவது ஒரு பிரிவு, நடைபாதையில் போடுவது வேறு பிரிவு என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். நாலு மாதம் சத்தமே இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் பாதி வழியில் ஒரு பெஞ்ச் முளைத்திருக்கிறது. ஒன்றுதான். நிழல் இருக்கிற இடம், அதில் குறையில்லை. ஆனால் சாலையைப் பார்க்காமல் மின்சாரப் பெட்டியைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடியும் இல்லை.

கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார முட்டி போதும். எழுந்திருக்கப் போதாது. அப்பா முதல் நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் ஐந்து நிமிடம் என் கையையும் பக்கத்து விளக்குக் கம்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கம்பம் இருக்கும் ஓரமாகவே உட்கார்கிறார், அதைப் பிடித்து எழுந்துகொள்கிறார். சாயங்காலத்தில் அந்த ஓரத்தை என் மகளும் அவள் கூட்டாளிகளும் பிடித்துவைத்திருக்கிறார்கள். பூங்காவுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவர்களுக்கு நடைபாதை பெஞ்ச் மட்டும் எப்படியோ பிடித்திருக்கிறது. தாத்தா தூரத்தில் வருவதைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து இடம் விடுகிறாள், பேச்சு மட்டும் நிற்பதில்லை.

நேற்று அப்பா அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, மின்சாரப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சிக்னல் பக்கம் இன்னொண்ணு கேட்டு எழுதும்மா" என்றார். "கைப்பிடின்னு பெரிசா எழுது."